பாதையோரத்து மூன்று வரிசை

டொக்டர் அந்தப் படிவக் கட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தபோது எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? நூற்று நாற்பத்து மூன்று படிவங்கள். இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தார். "நீ விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள். கமக்காரரை எங்களைவிட உனக்குத் தெரியும். இவற்றை நீயே தீர்மானித்துவிடு" என்றார். இங்கிலீசில்தான் சொன்னார். அவர் பேச்சை நான் என் தமிழில் தருகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டொக்டர் என்றதும் ஊசி போடுகிற டொக்டர் என்று நினைக்கவேண்டாம். விதை, பசளை என்கிற உரம், கமம் என்கிற விவசாயம் என்று படித்துப் பட்டம் வாங்கிய மனுசன். வெள்ளைத் தாடி, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, எந்நேரமும் கையில் ஒரு தேநீர்க் கோப்பை. கனடாவில், ஷேர்போர்ன் சப்வேக்குக் கிட்ட, ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். மொத்தமே நாலு பேர். ஆபிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் சிறு கமக்காரருக்கு ஒரு நிறுவனம் புதிய சோள விதை கொடுத்திருந்தது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிய படிவங்கள் பெட்டி பெட்டியாக எங்களுக்கு வரும். பதில்களை இலக்கமாக்கிக் கொம்பியூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதில் பதினாலாம் கேள்விதான் ராசா. 'புதிய விதையைப் பாவிக்கிறீர்களா?' பாவித்தால் ஒன்று, பாவிக்காவிட்டால் இரண்டு. மூன்று என்று ஒரு பெட்டி கிடையாது.

மொத்தம் அறுநூறு படிவம். மற்றதெல்லாம் ஏற்றி முடிந்து, ஒன்றும் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. இந்த நூற்று நாற்பத்து மூன்றிலும் பாவிக்கிறோம் என்ற பதில் இருந்தது. ஆனால் ஓரத்தில், கேட்கப் போனவர்கள் பேனையால் வேறு என்னவோ கிறுக்கியிருந்தார்கள். அதனால்தான் தனியாக எடுத்து வைத்திருந்தார். இந்தக் கட்டில் ஒன்று என்ற பதில் கூடினால் திட்டம் வென்றது. நிறுவனம் அந்த மாவட்டம் முழுவதற்கும் புது விதையைக் கொடுக்கும். அடுத்த மாவட்டத்துப் படிவங்கள் எங்களுக்கு வரும். எனக்கு ஜூன் வரைக்கும் வேலை. இரண்டு கூடினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பெப்ரவரி கடைசியோடு நான் மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கோ மார்ச் கடைசி வரைக்கும் வேலை வேண்டும்.

ஏன் மார்ச் என்று சொல்லாமல் மேலே போக ஏலாது. நான் தொண்ணூற்றிரண்டில் கனடாவுக்கு வந்து அகதி கேட்டவள். அடுத்த வருஷமே தள்ளிவிட்டார்கள். தள்ளியதற்குக் காரணம் என் வாய். விசாரணை அதிகாரி ஐயா மிகவும் மரியாதையாகக் கேட்டார், கொழும்பில் ஏழு மாதம் இருந்தீர்களே, அந்த வீட்டுக்காரி எப்படி என்று. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். பொலிஸ் வரும்போதெல்லாம் முதலில் என் அறையைத்தான் காட்டிக்கொடுப்பாள். ஆனால் ஏழு மாதம் அவள் கையால் சோறு தின்றிருக்கிறேன். தின்ற வீட்டைப்பற்றி அந்நியன் முன்னால் குறை சொல்லுகிற வளர்ப்பு எங்களுக்கு இல்லை. "நல்ல மனுசி, தன்ர சொந்தச் சகோதரம் மாதிரிப் பாத்தவ" என்று சொல்லிவிட்டேன். தீர்ப்பு நாலு பக்கம். அதில் இரண்டு தரம் அந்த வீட்டுக்காரி வருகிறாள். மனுதாரர் கொழும்பில் நலமாக வாழ்ந்தார், இனியும் வாழலாம். முடிந்தது கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் வாயிலேயே இரண்டு போட்டிருப்பேன்.

பிறகு இரண்டு வருஷம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினேன். வேலை செய்ததற்குக் கடிதம் கேட்டால் தரமாட்டார்கள். கடைசியில் லோயர் கந்தோரில் மொழிபெயர்க்கிற செல்வரட்ணம் அண்ணைதான் ஒரு வழி சொன்னார். "பிள்ளை, கருணை மனு எண்டு ஒண்டு இருக்கு. போட்டுப் பாப்பம். ஆனா ஆறு மாசம் ஒரே இடத்தில ஒழுங்கா வேலை செய்தாய் எண்டு கடிதம் வேணும். ஏப்ரலில ஃபைலை எடுக்கப் போறாங்கள். அதுக்குள்ள கடிதம் வரோணும், விளங்குதே?" விளங்காமல் என்ன? ஒக்ரோபர் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தேன். எண்ணிப் பாருங்கள், மார்ச் கடைசி.

மனு சரிவந்தால் என் மகளைக் கூப்பிடலாம். துவாரகாவுக்குப் பதினொரு வயது. கொழும்பில் என் அக்காவோடு ஒரு லொட்ஜில் இருக்கிறாள். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஓராளைத்தான் ஏற்றுவேன் என்றபோது அவளுக்கு ஏழு வயது. ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அவளுடைய அப்பா தொண்ணூறில் ஷெல்லடியில் போய்விட்டார்; அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சரி, படிவங்களுக்கு வருகிறேன்.

இறப்பர் பட்டியைக் கழற்றி முதல் படிவத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் எழுதியிருந்தது: 'விதை மிக நல்லது என்கிறார். எனக்குக் கச்சான் கடலை அவித்துத் தந்தார். உரலில் இடித்துக்கொண்டிருந்த சோளம் வேறு சோளம்.' அடுத்ததில்: 'புது விதை நன்றாக விளைகிறதாம். ஆனால் களஞ்சியத்தில் அது இல்லை. கேட்டேன், சிரித்தார்.' இன்னொன்றில்: 'புதுச் சோளம் விற்க. பழைய சோளம் தின்ன. புதியதில் வண்டு கெதியாய் விழுகிறது என்று மனைவி சொன்னார். கணவர் அவரை உள்ளே போகச் சொன்னார்.'

கடவுளே! மலாவியில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் நான் சயிக்கிளில் திரிந்த காலம். எங்கள் திணைக்களத்தில் புது நெல்லுக்கு ஒரு இலக்கு வைத்திருந்தார்கள். இத்தனை ஏக்கர் புது நெல் விதைத்தாகவேண்டும் என்று. இரணைமடு வாய்க்காலுக்குப் பக்கத்தில் தியாகலிங்கம் என்று ஒரு கமக்காரர். றோட்டோரமாக அவருடைய வயல் எந்த நேரமும் எங்கள் புது நெல்லாகவே நிற்கும். குட்டையாக, பச்சைப்பசேல் என்று. நானும் சயிக்கிளில் இருந்தபடியே பார்த்து, 'ஏற்றுக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டு போவேன். ஒருநாள் சங்கிலி கழன்றுவிட்டது. உதவி கேட்கலாம் என்று வரம்பால் உள்ளே நடந்தேன். றோட்டிலிருந்து நாலு வரம்பு தாண்டினால் முழுக்க மொட்டைக்கறுப்பன், பழைய நாட்டு நெல். ஆளுயரத்துக்கு நின்றது. எனக்கு முகம் கறுத்துப்போனது. தியாகலிங்கம் அண்ணை கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "தங்கச்சி, நீங்கள் இந்த வெயிலுக்குள்ள எங்களுக்காண்டி வாறியள். வாற ஆளை வெறுங்கையோட அனுப்பேலுமே? றோட்டுப் பக்கம் உங்களுக்கு. உள்ளுக்கு எங்களுக்கு" என்றார். சங்கிலியைப் போட்டுத் தந்தார், தேத்தண்ணி தந்தார். நான் குடித்துவிட்டு, எழுதியதை அழிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று மேலிடம் நம்பியது. அடுத்த வருஷம் புது நெல்லுக்கு மட்டும்தான் மானியப் பசளை என்று அறிவித்தார்கள். தியாகலிங்கம் அண்ணை என்ன செய்வார்? உள்ளுக்கும் புது நெல்லையே விதைத்தார். மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி முட்டி, வான்கதவு திறந்தார்கள். மொட்டைக்கறுப்பன் என்றால் வெள்ளத்துக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும். இந்தக் குட்டை நெல் ஒன்பது நாள் தண்ணிக்குள் கிடந்து அழுகியது. நான் போய்ப் பார்த்தேன். அந்த மனுசன் என்னைத் திண்ணையில் இருத்தினார். மகளைக் கூப்பிட்டு, போதனாசிரியைக்குத் தேத்தண்ணி கொண்டுவா என்றார். வீட்டில் சீனி இல்லை, பனங்கட்டியோடு தந்தார்கள். திட்டியிருந்தால் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் படிவங்கள் வரும்வரை இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் கட்டைத் திருப்பிக் கட்டி வைத்துவிட்டு, பனிக்குள்ளால் நடந்து, நான் இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்தேன். பதினேழாம் மாடி. லிப்ற் மூன்றில் இரண்டு வேலை செய்யாது. அறையைப் பங்குபோடுகிறவள் கிளடிஸ். பேசாலைப் பெண், ஆஸ்பத்திரி லோண்ட்றியில் வேலை. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஆனால் தங்கமான பிள்ளை. அவளிடம் படிவங்களைப்பற்றிச் சொன்னேன்.

"உதுக்கோ மூஞ்சியை உப்பிடி வைச்சிருக்கிறாய்?" என்றாள். "ஒண்டைப் போட்டிட்டு வாவன். அவங்களே ஓம் எண்டு சொல்லியிருக்கிறாங்கள். நீ ஆர் இல்லை எண்டு சொல்ல? பெரிய நீதவான்!"

"அவை மரியாதைக்குச் சொல்லுகினம் கிளடிஸ்."

"சொல்லட்டும். மரியாதைக்குச் சொன்னாலும் ஓம் ஓம்தான். உனக்குப் பிள்ளை வேணுமோ, ஆபிரிக்காச் சோளம் வேணுமோ?"

"ஒண்டு கூடினா, புது விதை போடுறவைக்கு மட்டும்தான் பசளை எண்டு அடுத்த திட்டத்தில எழுதியிருக்கு. நான் வாசிச்சனான்."

கிளடிஸ் கையிலிருந்த உடுப்பை மடித்து வைத்தாள். பிறகு, "வாசியாதை. உனக்குத் தந்த வேலை இலக்கம் போடுறது. விசரி மாதிரி எல்லாத்தையும் ஏன் வாசிக்கிறாய்?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே பொழுதுபட்டிருக்கும். கொழும்பில் அந்தப் பெரிய குண்டு வெடித்து மூன்று கிழமை. லொட்ஜுகளில் பொலிஸ் கதவைத் தட்டித் தட்டித் தமிழரைத் தேடுகிறார்கள் என்று கேள்வி.

"அம்மா, ரெண்டு தரம் வந்து பேர் எழுதிக்கொண்டு போட்டாங்கள்" என்றாள் துவாரகா. "பக்கத்து அறை அன்ரியைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவ இன்னும் வரேல்லை. அம்மா, உங்கட வேலைக் கடிதம் எப்ப வரும்?"

"வரும் பிள்ளை."

"மார்ச் எண்டனீங்கள். மார்ச் எத்தினையாம் திகதி?"

பயந்து கேட்டால்கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாத் திகதியைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அதைத் தாங்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. இருபத்தொன்பதாம் திகதி என்று சொன்னேன். எழுதி வைக்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை போய் இருந்ததும் ஒன்று போடத் தொடங்கினேன். ஓரத்தைப் பார்க்கவே இல்லை. பதினாலாம் பெட்டியை மட்டும் பார்த்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. மத்தியானத்துக்குள் தொண்ணூற்றாறு படிவம் முடிந்துவிட்டது. அட, எவ்வளவு சுகமான வேலை! இதற்கா ஒரு கிழமையாக நித்திரை கொள்ளாமல் கிடந்தேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

தொண்ணூற்றேழாவது எஸ்னாத் என்ற பெண்ணின் படிவம். அதில் ஓரக் குறிப்பு பெட்டிக்கு மேலேயே ஏறி நின்றது. பார்க்காமல் விட வழியில்லை. 'பாதையோரம் மூன்று வரிசை புது விதை. அதற்குப் பின்னால் முழுக்க வேறு சோளம். விதை மிக நல்லது, கொண்டுவந்த உத்தியோகத்தர் மிக நல்லவர் என்கிறார். எனக்கு ஒரு கோழி தந்தார், மறுத்தும் கேட்கவில்லை. புறப்படும்போது, பாவிக்கவில்லை என்று சொன்னால் பசளை நின்றுவிடுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.'

மூன்று வரிசை. தியாகலிங்கம் அண்ணையாவது நாலு வரம்பு விட்டார்.

நான் ஒன்று போடவில்லை. இரண்டும் போடவில்லை. அப்படியே இருந்தேன். எஸ்னாத் எனக்கு யார்? அவள் எந்தச் சோளத்தைத் தின்றால் எனக்கென்ன? என் பிள்ளை லொட்ஜில் பொலிசுக்குக் கதவு திறக்கிறாள். இப்படியெல்லாம் எனக்குள் கத்திப் பார்த்தேன். கை போகவில்லை. ஒருதரம் எழுதி ஒரு குடும்பத்தை வெள்ளத்தில் விட்டது போதும் என்று கை சொல்லிவிட்டது. படிவத்தைத் தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன்.

"இவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. இருக்கச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் ஓடி ஓடி வராது. ஆனால் கோபம் வந்தால் வரும். எல்லாவற்றையும் சொன்னேன். றோட்டுப் பக்கம் உங்களுக்கு, உள்ளுக்கு எங்களுக்கு என்றதைச் சொன்னேன். சயிக்கிள் சங்கிலி, கேடயம், பசளை, ஒன்பது நாள் வெள்ளம், பனங்கட்டித் தேத்தண்ணி. "விதை கொண்டுவந்தவன் வாசலில் நிற்கும்போது விதை கூடாது என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? உங்கள் கேள்வி பிழை டொக்டர். வாயைக் கேட்கக்கூடாது. களஞ்சியத்தைப் பார்க்கவேண்டும், உரலைப் பார்க்கவேண்டும். வயலில் இருக்கிறதைத்தான் படிவத்தில் எழுதவேண்டும். காலையில் நான் போட்ட தொண்ணூற்றாறும் பொய். அழித்துவிடுங்கள்."

சொல்லி முடித்ததும்தான் விளங்கியது. என் காரியத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், இரண்டாம் தரம்.

டொக்டர் தாடியைத் தடவிக்கொண்டு எஸ்னாத்தின் படிவத்தை ஓரக் குறிப்போடு வாசித்தார். தேநீர் ஆறிப்போனது. பிறகு, "முப்பது வருஷத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு ரெலிபோனை எடுத்தார்.

இரண்டு நாள் யார் யாரோடோ கதைத்தார். மூன்றாம் நாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, பதினாலாம் கேள்விக்கு மூன்றாம் பெட்டி ஒன்று போடப்போகிறோம் என்றார்: பாதி நிலத்தில் பாவிப்பவர், காட்டுவதற்குப் பாவிப்பவர் எல்லாம் அதற்குள். அறுநூறு படிவத்தையும் திரும்ப முதலிலிருந்து ஓரக் குறிப்போடு வாசிக்கவேண்டும். நிறுவனம் சம்மதித்துவிட்டது, பசளையை விதையோடு கட்டும் யோசனையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலை ஏப்ரல் கடைசி வரை. "அருள்தான் இதற்குப் பொறுப்பு" என்று என்னைக் காட்டினார்.

நான் கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோசத்தில்தான். கிளடிஸ் தனக்குத் தபசுகாலம், மச்சம் விலக்குகிற காலம் என்றும் பாராமல் எனக்கு மட்டும் கணவாய்க் கறி வைத்துத் தந்தாள். "உன்ர விசர்க் குணம் ஒருநாளாவது உனக்கு உதவிச்சுதே" என்றாள். மார்ச் மாதம் முழுவதும் நான் உழைத்த மாதிரி என் வாழ்நாளில் உழைத்ததில்லை. டொக்டர் அடிக்கடி வந்து கேட்பார், இந்தக் குறிப்பை நீ எப்படி எடுக்கிறாய் என்று. நான் சொல்வதை எழுதிக்கொள்வார். கனடாவுக்கு வந்து முதல் தரம் நான் யார் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் கடைசிக் கிழமை டொக்டரிடம் கடிதம் கேட்டேன். இமிகிரேசனுக்கு, ஆறு மாதம் வேலை செய்தாள் என்று இரண்டு வரி போதும் என்றேன். என்னைத் தள்ளிவிட்டார்கள், திருப்பி அனுப்ப ஓடர் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஏதோ பேப்பர் வேலை என்று சொல்லி, ஃபைல் இலக்கமும் இமிகிரேசன் ஃபாக்ஸ் இலக்கமும் உள்ள தாளை மட்டும் கொடுத்தேன்.

இருபத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை டொக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இரண்டு வரியா? உன்னைப்பற்றி இரண்டு வரி எழுதினால் எனக்குத்தான் வெட்கம். காலையிலேயே ஃபாக்ஸ் பண்ணிவிட்டேன், உனக்கு அலைச்சல் வேண்டாம்" என்று பிரதியைக் கையில் தந்தார். ஒன்றரைப் பக்கம். நான் நின்றபடியே வாசித்தேன். ஆறு மாதம் வேலை செய்தாள் என்று முதல் வரியிலேயே இருந்தது. பிறகு என் அறிவு, என் நேர்மை, கமக்காரரை நான் அறிந்த விதம். பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'இவரைப் போன்ற அனுபவமுள்ள உத்தியோகத்தர்கள் இவருடைய சொந்த நாட்டுக்கே மிகவும் தேவை. அங்கு திரும்பினால் விவசாயத் திணைக்களம் இவரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவர் எங்கே போனாலும் அந்த இடம் பேறு பெற்றது.'

டொக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தாங்க்யூ என்றேன்.

செல்வரட்ணம் அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன பிள்ளை இது? நாங்கள் மனுவில என்ன எழுதினனாங்கள்? இவ திரும்பிப் போனா வாழ வழியில்லை, வேலையில்லை, ஆபத்து எண்டு. உவர் என்ன எழுதியிருக்கிறார்? போனா வெத்திலை வைச்சுக் கூப்பிடுவினம் எண்டு! உதை வைச்சே உன்னைப் பிளேனில ஏத்திப் போடுவாங்கள்."

"குடுக்காமல் விட்டா, அண்ணை?"

"போட்டுதே! ஃபாக்ஸ் போட்டுது. போனதை ஆர் பிடுங்கி எடுக்கிறது? ஒண்டு செய். முதல் கடிதம் அவசரத்தில கூட்டி எழுதினது, நீ அப்பிடிப் பெரிய ஆள் இல்லை, சும்மா இலக்கம் போடுற வேலைதான் எண்டு இன்னொண்டு வாங்கிக்கொண்டு வா. வேற வழி எனக்குத் தெரியேல்லை."

திங்கட்கிழமை டொக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. தீர்ப்பு, ஓடர், துவாரகா, லொட்ஜ், பொலிஸ் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறிப்போனது. "ஐயோ, எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார். வெட்கம் டொக்டர் என்றேன். பிறகு செல்வரட்ணம் அண்ணை சொன்ன கடிதத்தைக் கேட்டேன். நான் கெட்டிக்காரி இல்லை, என் படிப்புப் பழசாகிவிட்டது என்றும் முதல் கடிதத்தில் தான் மிகைப்படுத்திவிட்டதாகவும் எழுதச் சொன்னேன்.

பேனையை எடுத்தார். தாளை எடுத்தார். எழுதவில்லை.

"அருள், அது உண்மையில்லை" என்றார்.

"தெரியும் டொக்டர்."

"வயலில் இருக்கிறதைத்தான் எழுதவேண்டும் என்று நீதானே இந்தக் கதிரையில் இருந்து எனக்குச் சொன்னாய். ஒரு பொய்யில் என் கையெழுத்தை நான் எப்படிப் போடுவேன்?" அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுசனாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த மேசையைப் பிரட்டியிருப்பேன். இந்த மனுசனிடம் என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் எனக்கு வந்த கோபம்.

அவர் வேறு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெண்ணைக் கனடாவில் இருக்க விடுங்கள், மகளைக் கூப்பிட விடுங்கள் என்று மனசார எழுதினார். செல்வரட்ணம் அண்ணை அதை ஃபைலில் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார், "போன வெள்ளி அங்கை தேவை எண்டவர், இந்தத் திங்கள் இஞ்சை தேவை எண்டுறார். கெஞ்சி வாங்கினது எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவங்கள் எதை நம்புவாங்கள் எண்டு நினைக்கிறாய்?" நான் ஒன்றும் நினைக்கவில்லை. பன்னிரண்டாம் திகதி நேரில் வரச்சொல்லி இமிகிரேசனிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது.

சனிக்கிழமை கொழும்புக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே துவாரகா எடுத்துவிட்டாள். ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"அம்மா, இருபத்தொன்பது போட்டுது. கடிதம் தந்தவங்களோ?"

"தந்தவை."

"நல்ல கடிதமோ?"

"நல்ல கடிதம் பிள்ளை. உதைவிட நல்ல கடிதம் ஆரும் எழுதேலாது."

"என்ன எழுதியிருக்கு?"

"அம்மா கெட்டிக்காரி எண்டு எழுதியிருக்கு."

"அது எனக்குத் தெரியும்தானே!" என்று கத்தினாள். ரெலிபோனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பெரியம்மா, பெரியம்மா என்று படிக்கட்டு முழுக்கக் கூப்பிட்டாள். அக்கா மூச்சு வாங்க வந்து எடுத்தாள். அழுதுகொண்டே, "பிள்ளையாரே, என்ர அப்பனே" என்றாள். "அப்ப இவளைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டட்டோ? புதுத் தவணைக்குப் பேர் பதியச் சொல்லிக் கேட்டவை. லொட்ஜ்காரனுக்கும் சொல்லோணும், அறையை விடுறம் எண்டு."

"நிப்பாட்டாதேங்கோ அக்கா. பேரைப் பதியுங்கோ."

"ஏன்?" என்றாள் அக்கா.

அறையையும் விடவேண்டாம் என்றேன். அக்காவின் அழுகை நின்றது. பின்னால் துவாரகா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள், கனடாவில் எல்லாரும் எழுதிக் கொடுக்கிற அளவுக்குத் தன் அம்மா கெட்டிக்காரி என்று.